உத்திரத்தன்று எங்கள் வீட்டில் சாவு

அந்த வருடம் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

திருவண்ணாமலை டவுனை விட்டுக் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வெளியே வந்தால் முதலில் ஊர், பிறகு ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் காலனி. ஊருக்கு ஒரு குன்றும் குன்றின்மேல் முருகன் கோயிலும் இருந்தன. எங்களுக்குக் கூரை வேய்ந்த ஜெபக்கூடம் ஒன்று உண்டு. பெரிய சர்ச் டவுனில் இருந்தது. பண்டிகை என்றால் அங்கே நடந்து போவோம். பாதிரியாரும் டவுனில்தான். அவரை நாங்கள் ஐயர் என்போம். வெள்ளை அங்கி போட்ட ஐயர்.

என் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கிவிட்டது. பெயர்கள் மாறின. வேலை மட்டும் அப்படியே இருந்தது. ஊரில் யார் செத்தாலும், எந்தச் சாமி புறப்பட்டாலும் எங்கள் வீட்டு ஆண்கள்தான் போய்ப் பறை அடிக்க வேண்டும். அதற்கு ஈடாக அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி வேலை கிடைக்கும். உத்திரத்தன்று ஏரியில் காவடிகள் கட்டிப் புறப்படும்போது நைனாவும் சித்தப்பாவும் முன்னால் அடித்துக்கொண்டு போவார்கள். குன்றின் அடிவாரம் வந்ததும் காவடி மேலே ஏறும். மேளம் கீழே நின்றுவிடும்.

நைனா எதிர்த்துப் பேசியறியாதவர். சித்தப்பா மிஷன் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது வரை படித்தவர். டவுனில் அரிசி மில்லில் வேலை செய்தார். பறையில் நைனாவைவிடக் கெட்டிக்காரர். ஆனால் ஊர்ப் பெரியவர்களை எங்கள் ஆட்கள் "ஆண்டே" என்று கூப்பிடுவதுபோல அவர் கூப்பிட மாட்டார். "ஐயா" என்பார். அதற்கே வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் தலையாரி வந்து, வருகிற வெள்ளிக்கிழமை உத்திரம், விடிந்ததும் ஏரிக்கு மேளத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா சரி என்றார். சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கிய சித்தப்பா அதைக் கேட்டதும் சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட மறந்துவிட்டார்.

"அன்னிக்கு பெரிய வெள்ளிண்ணே. உபவாசம் இருந்துகினு அவங்க காவடிக்கு ஆட்டம் போட்டு அடிக்கச் சொல்றியா?"

"காலைல அடிச்சிட்டு, குளிச்சிட்டு, மத்தியான ஆராதனைக்குப் போயிடலாம்டா. நாம அவங்க நெலத்துலதான நிக்கிறோம்?"

"நீ போ. நான் வரமாட்டன்."

"ஒத்த மேளத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அம்மா சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

எனக்கு இதில் பெரிய சிக்கல் எதுவும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் ஒரே தேதியில் நிற்கும், நல்ல பண்டிகை. ஈஸ்டர்தான் ஒரு வருடம் மார்ச்சில் வரும், ஒரு வருடம் ஏப்ரலில் வரும். பிறந்த தேதி ஞாபகம் இருக்கிறவர்களுக்கு, செத்து எழுந்த தேதி மட்டும் எப்படி மறந்துபோயிற்று என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் சர்ச்சில் அந்தத் தேதியை அறிவிப்பவர் ஐயர். ஆகவே அவர்தான் முடிவு பண்ணுகிறார். எப்படியும் நகர்கிற பண்டிகை. எங்களுக்காக இன்னும் ஒரு வாரம் நகர்ந்தால் என்ன?

மறுநாள் குருத்தோலை ஆராதனை முடிந்ததும் ஓலைச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஐயரே, ஈஸ்டர அடுத்த வாரம் வெச்சிக்கலாமாங்க?"

ஐயர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். யூதர்களுக்குப் பஸ்கா என்று ஒரு பண்டிகை, அது முழுநிலவுக்கு வருவது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்ததும் அவர் உயிரோடு எழுந்ததும் அந்தப் பண்டிகைச் சமயத்தில்தான். அதனால் பகலும் இரவும் சமமாகிற நாளுக்கு அப்புறம் முதலில் எந்தப் பௌர்ணமி வருகிறதோ, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். ஆதிகாலத்தில் பெரிய பெரிய சபைகள் கூடி, சண்டை போட்டு முடிவு செய்தது அது என்றார்.

"நிலாவ நான் எப்படிம்மா தள்ளி வைக்க முடியும்? உத்திரம்கூட அந்தப் பௌர்ணமிய ஒட்டித்தான் வரும். ஆமா, உனக்கு எதுக்கு இது?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க அப்பாகிட்ட சொல்லு. மனசுல துக்கம் இருந்தா போதும். கையில மேளம் இருக்கிறத ஆண்டவர் குத்தமா நினைக்க மாட்டார். ஊரப் பகைச்சிக்க வேண்டாம்."

இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று ஏரிக்கரை முழுக்க ஓடியே வந்தேன். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐயர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் கட்சிதானே ஜெயித்தது, சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஐயரே சொன்னாரா?"

"ஆமா நைனா. கைல மேளம் இருந்தா பரவால்லையாம்."

மாடு வாளியைக் காலி செய்துவிட்டு நக்கிக்கொண்டிருந்தது. நைனா வாளியை எடுக்கவில்லை. அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு மூணு மணி நேரம் அவரு கறுப்பு அங்கி போட்டுகினு நிப்பாரு. டவுன்ல இருக்கிற வாத்தியாருங்க, ஆபீசருங்க எல்லாம் உக்காந்து அழுவாங்க. நாம மட்டும் ஏரியாண்ட மேளம் அடிக்கலாமா? செத்தவரு அவங்களுக்குதான் சொந்தமா? நமக்கு யாரும் இல்லையா?"

சித்தப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவர் போட வேண்டிய சண்டையை யாரோ பிடுங்கிக்கொண்டது போல நின்றார்.

"டேய், நாளைக்கு மணியக்காரர் வூட்டுக்குப் போறோம்," என்றார் நைனா.

நானும் போனேன். ஐயர் சொன்னதைக் கொண்டுவந்தவள் என்கிற உரிமையில் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மணியக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருவிழா விஷயமாகப் பேச வந்த நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். நாங்கள் தெருவில் நின்றோம். நைனா எப்போதும்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம மேளத்துக்கு வர முடியாது ஆண்டே."

"ஏன்டா?"

"வூட்ல சாவு ஆண்டே."

மணியக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடப்பாவி, யாருடா? சொல்லி அனுப்பவே இல்லையே?"

"ஏசு, ஆண்டே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவர் நையாண்டிக்காகச் சொல்லவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர்களுக்கு உறைத்தது.

"சாவு வூட்டுக்காரன் மேளத்தத் தூக்கிகினு சாமி முன்னால வந்தா தீட்டுன்னு நீங்கதான சொல்லுவீங்க ஆண்டே," என்றார்.

"இன்னாடா கத விடற? வருஷா வருஷம் சாவாரா உங்க சாமி?"

இப்போது சித்தப்பா வாயைத் திறந்தார். "உங்க சாமிக்கு வருஷா வருஷம் கல்யாணம் ஆவுது இல்லீங்களா ஐயா? அதுமாரிதான்."

உத்திரம் என்பதே சாமி கல்யாணம்தான். அதை மறுத்துப் பேச அங்கே ஒருவருக்கும் வழியில்லை. ஆனால் மணியக்காரர் கணக்கு வழக்குப் பார்த்த ஆள். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"போன வருஷம் உத்திரத்துக்கு வந்து அடிச்சீங்களே, அப்ப சாவலையா? செத்த நாளு எங்கனா மாறுமாடா?"

நைனா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

"நிலாவப் பாத்து மாறும்! பௌர்ணமி கழிச்சி வர ஞாயித்துக்கெழமதான் அவரு எழுந்திருப்பாரு. அப்ப அதுக்கு முந்தின வெள்ளிக்கெழமதான சாவணும்? உங்க உத்திரமும் அதே நிலாதான். போன வருஷம் கொஞ்சம் தள்ளிப் போச்சு. இந்த வருஷம் இடிச்சிகிச்சு."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவசரத்தில் "ஆண்டே" விட்டுப்போயிற்று. பிறகு காலனியில் பல நாள் அதையே பெருமையாகப் பேசினார்கள்: இத்தனூண்டு பெண், ஊர் நடுவில், ஆண்டே போடாமல் பேசிவிட்டு வந்ததாம். மறந்துபோய்விட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மணியக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. நைனாவைத்தான் பார்த்தார்.

"சரி. சாவு வூட்டுக்காரங்க சாவு வூட்லயே கெடங்க. இனிமேட்டு ஒருத்தனும் எங்க நெலத்துல கால் வெக்கக் கூடாது."

"சரிங்க," என்றார் நைனா.

வெள்ளிக்கிழமை காலையில் காலனியில் எந்த வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. ஊர்க்காரர்கள் டவுனிலிருந்து பேண்டு செட் பிடித்து வந்திருந்தார்கள். நாங்கள் கரைமேல் வரிசையாக டவுன் சர்ச்சுக்கு நடந்தபோது, கீழே ஏரியில் மஞ்சள் துணிகளும் காவடிகளும் தெரிந்தன. பேண்டுக்காரர்கள் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஐயர் பிரசங்கம் செய்தார். வெயிலில் ஓடு காந்தியது. டவுனில் பெரிய கோயிலிலும் கல்யாண உற்சவம். அந்த மேளச் சத்தம் ஜன்னல் வழியே வந்து வந்து போயிற்று. சித்தப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். அன்று பறைகளும் எங்களோடு வந்தன. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஐயர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை சொல்லி, ஆர்மோனியத்தோடு பாட்டும் முடிந்தது. வெளியே வந்ததும் சித்தப்பா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச ஆரம்பித்தார். ஐயர் வேகமாக வந்தார்.

"இது சர்ச்சு. இங்க இதெல்லாம் வழக்கமில்ல."

"உள்ள அடிக்கல ஐயரே. வெளியதான்," என்றார் நைனா. "செத்ததுக்கு அடிச்சிருக்கோம், அடுத்தவங்க சாமிக்கு அடிச்சிருக்கோம். நம்மளுதுக்கு ஒருவாட்டி அடிச்சிக்கிறோம்."

"எந்த அடிண்ணே?" என்று சித்தப்பா கேட்டார். எழுந்தவருக்கு என்று தனியாக ஓர் அடி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நைனா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவு அடியில் ஆரம்பித்தார். மெதுவாக, குழிக்குத் தூக்கிப் போகிற அடி. பாதியில் சித்தப்பா அதைப் பிடுங்கிக் கல்யாண அடிக்கு மாற்றினார். எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள். ஐயர் அங்கியை மடக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

திரும்பும்போது சர்க்கார் ரோட்டிலேயே அடித்துக்கொண்டு வந்தோம். ஊர் ஓரமாக வந்தபோது, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "யாருடி செத்தது?" என்று கேட்டாள். காலனியிலிருந்து பறைச் சத்தம் கேட்டால் ஊரில் கேட்கிற கேள்வி அது.

என் அம்மா நடுரோட்டில் நின்றாள். வீட்டுக்குள்ளேயே சத்தமாகப் பேசாதவள்.

"செத்தவரு எழுந்துட்டாரு!" என்று கத்தினாள்.

மணியக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தப் பருவத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்க லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாட்டை மேய்க்கப் புல் இல்லாமல் விற்றோம். சில வருடம் கழித்து, ஆள் கிடைக்காமல், அவர்களாகவே மேளத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அந்த ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, நைனா சித்தப்பாவோடு டவுனுக்குப் புறப்பட்டார், மில்லில் மூட்டை தூக்க. இஸ்திரி போடாத வெள்ளைச் சட்டையும் கையில் தூக்குச்சட்டியுமாக அவர் கம்பெனி உத்தியோகத்துக்குப் போகிறவர்போல இருந்தார். எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்ததால் நானும் கூட நடந்தேன். சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய பழைய டயர் செருப்பை நைனா போட்டிருந்தார்.

ஊர்த்தெரு முனை வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். செருப்பு தேயக் கூடாதே என்கிற சிக்கனம் என்றுதான் நான் அப்போதும் அதற்கப்புறம் வெகுநாளும் நினைத்திருந்தேன். அன்று நைனா கழற்றவில்லை. அவர் காலுக்கு அந்தச் செருப்பு பெரியது. ஒவ்வொரு அடிக்கும் பட்டுப் பட்டென்று குதிகாலில் அடித்தது. வாசல்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நைனா, சத்தம் வருது. கழட்டிக் கைல வெச்சிக்கயேன்."

"வரட்டும்," என்றார்.