காராமணி எண்ணிய கேப்டன்

லூஷியஸ் வான் என்ற சவச்சடங்குக்காரர், ஹோசியா க்ரம்ப்ளிக்குத் தரவேண்டியிருந்தது ஐம்பத்து நான்கு டாலர். போன வருடம் ஜூலை நாலாம் தேதி வான் ஏற்பாடு செய்த பேஸ்பால் ஆட்டத்தின் வாசல் வசூலில் பாதி ஹோசியாவின் அணிக்கு என்பது பேச்சு; அதில் அமுக்கப்பட்ட பங்கு அது.

ஹோசியா யாரென்று அலபாமா சுரங்கப் பக்கம் எந்தக் கறுப்பரைக் கேட்டாலும் சொல்வார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினாறு வயதில் நிலக்கரி அள்ளியவர், சுரங்க அணியில் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்க ஆரம்பித்தார். ஏழு விரல் முறிந்தது. ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. நாற்பது வயதில் சொந்தமாக ஒரு பஸ், சொந்தமாக ஓர் அணி. எவனும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஓடத் தயாராக நிற்பவனின் குதிகாலைப் பார்த்தே அவன் எண்ணத்தைச் சொல்லிவிடும் கண். ராத்திரி பஸ்ஸில் தூங்கும்போதுகூட பணத்தை வைத்த சப்பாத்தைக் கழற்றமாட்டார்.

அந்தக் கண்ணும் ஒரு நாள் தவறியது. போன வருடம் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, உள்ளே போகும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு காராமணியைப் பைக்குள் போடச் சொன்னார். எழுநூறு காராமணி விழுந்தது. வானோ நானூறு டிக்கெட்டுக்குத்தான் கணக்குக் கொடுத்தார்.

“மத்த முந்நூறு?”

“சர்ச் பொம்பளைங்க, மிஸ்டர் க்ரம்ப்ளி. அவங்களுக்கு இலவசம்னு நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க? உங்க பயறுல ஆணு பொண்ணு தெரியுதா?”

தெரியவில்லை. அதுதான் அவர் செய்த தவறு.

விளையாடுகிறவர்கள் வானை நம்பவில்லை. அதைவிட ஹோசியாவை நம்பவில்லை. எழுநூறு பேர் வந்த கூட்டத்துக்கு இவ்வளவுதானா கூலி? இந்த வருடம் அதே மைதானத்தில் இறங்கியதும், பந்து வீசும் ஸ்பூன் பாய்கின் வழிமறித்தான்.

“கேப்டன், புது பஸ் டயர் பளபளன்னு இருக்கே. எங்க காசுல எத்தனை டயர் வாங்கினீங்க?”

“வாயைக் கழுவுடா. அது ஒட்டுப்போட்ட டயர்.”

“இருக்கட்டும். இன்னிக்கு ஆட்டத்துக்குள்ள பாக்கி வரலைன்னா நாங்க ஒன்பது பேரும் மெம்பிஸ் அணிக்குப் போறோம். நீங்களே வீசி நீங்களே பிடிச்சுக்குங்க.”

 ஹோசியாவின் பார்வை பெண்கள் பகுதியில் நின்றது. அங்கே வெள்ளைக் கையுறை போட்ட சகோதரி ஆர்டெல்லா, தன் சர்ச் பெண்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்துக்கொண்டிருந்தார். விசிறியின் முதுகில் வானின் சவச்சடங்குக் கடை விளம்பரம்.

பந்து பிடிக்கும்போது போடும் முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோசியா படியேறினார்.

“சகோதரி, போன வருஷமும் விசிறி குடுத்தீங்களா?”

“குடுக்காம? இலவசமா வந்த ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு. வான் நூறு அனுப்பினாரு. பதினாறு மிச்சம், சர்ச் அலமாரில இருக்கு. என்னையே சந்தேகப்படுறியா?”

“உங்களை இல்லீங்க. எண்பத்து நாலுதானா, முந்நூறு இல்லையா?”

“முந்நூறு பேரா! எங்க சர்ச்சுல அவ்வளவு பேர் செத்தவங்களையும் சேர்த்தாத்தான் வருவாங்க. யார் சொன்னது?”

ஹோசியா விரலைக் காட்டினார். வாசலில் நின்ற வானை நோக்கி ஆர்டெல்லா இறங்கி நடந்தார். பின்னால் ஆறு பெண்கள்.

“தம்பி லூஷியஸ், எங்க பேரைச் சொல்லியா பணத்தை அமுக்கின? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இதைச் சொல்லட்டுமா? அப்புறம் எவ புருஷன் உன் பெட்டியில படுப்பான்னு பார்ப்போம்.”

வான் விடுபட்ட இருநூற்றுப் பதினாறு டிக்கெட்டை, டிக்கெட் விலையான அரை டாலரால் பெருக்கினார், பாதியாக்கினார், பணப்பெட்டியைத் திறந்தார். ஹோசியா ஒவ்வொரு நோட்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தபின்தான் வாங்கினார்.

ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஆறு டாலர். முதலில் ஸ்பூன் கை நீட்டினான். ஹோசியா முறிந்து கோணிய விரல்களால் எண்ணி வைத்தார்.

“வேகமாப் போறீங்க. முதல்லேர்ந்து எண்ணுங்க.”

ஹோசியா நோட்டுகளைத் திரும்ப எடுத்தார். விரிந்திருந்த அந்த உள்ளங்கையில், ஒவ்வொன்றாக, சத்தம்போட்டு எண்ணி வைத்தார்.