தாய் படுத்த துணி

நாய்க்குட்டிக்கு ஆரத்தி எடுத்த குடும்பம் எங்களுடையது. பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், மஞ்சள் நீர் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, அந்த ‘பக்’ என்கிற வெளிநாட்டு ஜாதிப் பெண்குட்டியை என் மனைவி உள்ளே அழைத்தாள். சுருங்கிய மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அப்படியே உங்கள் ஜாடை என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குட்டியை விற்ற அண்ணனூர்க்காரர் ஒரு பழைய துணியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். தாய் படுத்த துணி. குட்டிக்குக் கீழே விரித்தால் ஏங்காது என்று சொல்லியிருந்தார். என் மனைவி பையைப் பிரித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள், சோப்புத்தூளில் ஊறவைத்து அலசி, வெயிலில் காயப்போட்டு, அப்புறம் விரித்தாள். மல்லிகை வாசனை வந்தது. குட்டி இரண்டு நாள் பாலில் வாய் வைக்காமல் அழுதது. சுத்தம் பார்த்தே உயிரை எடுக்கிற குடும்பமும் எங்களுடையதுதான்.

இன்னொரு துணி கேட்டு அண்ணனூர் போனேன். விற்றவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே தாய் படுத்திருந்தது. விற்கும்போது செல்போனில் தாய் என்று எனக்குக் காட்டிய கொழுத்த நாய் வேறு. இதற்கு விலா எலும்பு தெரிந்தது, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வயிற்றில் தழும்பின் மேல் தழும்பு. கடைசித் தையலின் ஓரத்தில் சீழ். இந்த ஜாதிக் குட்டிகளுக்குத் தலை பெரிது, தானாக வெளியே வராது, வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார். இது நான்காவது முறையாம்.

அது எழுந்து வந்து என் கால்சட்டையை மோந்தது. குட்டியின் வாசனை ஒட்டியிருந்திருக்கும். முனகியபடி என் கையை நக்கிவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. அந்த அம்மாள் அது படுத்திருந்த துணியை இழுத்தார். அது ஒரு முனையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. துணி கிழிந்து பாதி என் கைக்கு வந்தது.

"இதையும் இட்டுகினு போய்டு சார், துட்டு வோணாம்," என்றார். "இன்னொரு தபா வவுத்த கீறினா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சும்மா வச்சிகினு சோறு போட எங்களால ஆவாது. எங்க ஊட்டுக்காரரு எங்கனா ஏரிக்கரையில உட்டுட்டு வந்துருவாரு."

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு நாய்தான் அனுமதி என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. பாதித் துணியோடு வண்டியைக் கிளப்பினேன். அன்றே குட்டி பால் குடித்தது. படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் குட்டியோடு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். சுண்டல் வண்டிக்கு அடியிலிருந்து குட்டியின் தாய் வெளியே வந்தது. தெரு நாய்கள் ஒரு காதைக் கிழித்திருந்தன. நேராகக் குட்டியிடம் வந்து முகர்ந்தது. ஷாம்பூ வாசனையில் வளர்ந்த எங்கள் குட்டி அதைப் பார்த்து உறுமியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். மூச்சு இரைக்க இரைக்க அதுவும் எங்கள் கேட் வரைக்கும் வந்தது.

"உங்க நாயா சார்?" என்று கேட்டார் காவலாளி.

"இல்ல. தொரத்துங்க."

அவர் கம்பால் தரையில் தட்டினார். அது நகரவில்லை; குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த அடி முதுகில் விழுந்தது. இது ஏன் ஓட மாட்டேன் என்கிறது என்று அவர் என்னிடம் கேட்டார். இந்த ஜாதிக்கு மூக்கு சப்பை, ஓடினால் மூச்சு முட்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.