பத்தாவது கேமில் சர்வ் யாருடையது?

கோர்ட் ஓரத்து உயர நாற்காலியில், சேர் அம்பயராக உட்கார்ந்த முதல் மேட்சிலேயே நான் ஒரு தப்பு செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் நடந்த சாட்டிலைட் டென்னிஸ் டோர்னமென்ட் அது. பெரிய போட்டிகளுக்குள் நுழைய முடியாத ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடி, ரேங்கிங் பாயிண்ட் சேர்க்கிற இடம். அப்போது நான் எருமப்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அம்பயர் பரீட்சை பாஸ் செய்திருந்தாலும் முதல் மூன்று நாளும் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் குனிந்து நின்று இன், அவுட் பார்த்ததுதான் என் வேலை. நாலாம் நாள் சேர் அம்பயர் ஒருவருக்குக் காய்ச்சல். டோர்னமென்ட் முழுக்கப் பொறுப்பான ரெஃப்ரி என்னைக் கூப்பிட்டு ஸ்கோர் கார்டையும் இரண்டு பென்சிலையும் கையில் கொடுத்தார். ஆண்கள் டபுள்ஸ், குவார்ட்டர் ஃபைனல்.

ஒரு பக்கம் இரண்டு ஆஸ்திரேலியர்கள். மறுபக்கம் மெட்ராஸ் மோகனும் நம்ம குமாரபாளையத்து குமரவேலும். குமரவேலுக்கு நெசவுக் குடும்பம். அவன் ஆடுவதைப் பார்க்க அவன் தெருவே பஸ் ஏறி வந்திருந்தது. இடதுகை ஆட்டக்காரன். நெட்டில் நின்றால் பந்தை விடமாட்டான். சர்வ் மட்டும் அவனுக்குச் சனியன். இந்த மேட்சில் ஜெயித்தால் வாழ்க்கையில் முதல்முறையாக செமி ஃபைனல்.

ஆளுக்கொரு செட் ஆகி, கடைசி செட்டான மூன்றாவதில் நம் ஜோடி ஐந்துக்கு நாலு என்று முன்னால் வந்தது. இன்னும் ஒரு கேம் போதும், சர்வும் அவர்களுடையது. பக்கம் மாறுகிற நேரத்தில் நான் கார்டில் குனிந்து விட்டுப்போன கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, ஆட்டத்தைத் தொடரச் சொல்லி “டைம்” என்றேன். மோகன் சர்வ் போட்டான். வேகமான சர்வ். பதினைந்து லவ். மறுபடியும் போட்டான். முப்பது லவ். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

மூன்றாவது சர்வுக்கு முன் மோகன் இடது கையால் கண்ணை மறைத்து வெயிலைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்வராயன் மலை முதுகுக்குப் பின்னால் வருகிற அந்த வடக்கு முனையில், சாயங்கால வெயில் மோகன் மாதிரி வலதுகை ஆட்டக்காரன் கண்ணில் அடிக்கும். அதனால் அந்த முனையில் செட் முழுக்க சர்வ் போட்டது இடதுகைக் குமரவேல்தான். டபுள்ஸில் நாலு பேரும் முறை வைத்துத்தான் சர்வ் போடவேண்டும். செட் முடியும்வரை அந்த முறை மாறக்கூடாது. கார்டைப் பார்த்தேன். பத்தாவது கேமுக்கு நேராக, என் கையெழுத்திலேயே, குமரவேலின் முதலெழுத்து இருந்தது.

ஆஸ்திரேலியர்கள் கவனிக்கவில்லை. லைன் அம்பயர்கள் கவனிக்கவில்லை. கோர்ட்டில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் முதல் நாளே கவனமில்லாதவன் என்று பேர். திறக்காவிட்டால் இன்னும் இரண்டு பாயிண்டில் மேட்ச் முடிந்து எல்லோரும் சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள். மோகன் பந்தை இரண்டு முறை தட்டிவிட்டான்.

“வெயிட் ப்ளீஸ்” என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சர்வ் ஆர்டர் தப்பு, கவனிக்காதது என் தவறு, எடுத்த பாயிண்ட் அப்படியே நிற்கும், இனி குமரவேல்தான் சர்வ் போடவேண்டும் என்று அறிவித்தேன். கூட்டம் கத்தியது. மோகன் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றான்.

“இன்னா சார், ரெண்டு பாயிண்ட் ஆனப்புறம் சொல்றீங்க?”

“முன்னாடியே சொல்லியிருக்கோணுங்க. என்ற தப்புத்தான். ஆனா பந்த அவருகிட்ட குடுத்துருங்க.”

ரெஃப்ரி வேலியோரம் வந்து விவரம் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே கைகட்டி நின்றார். குமரவேல் நெட்டிலிருந்து நடந்து வந்தான். பந்தை வாங்கிக்கொண்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

முதல் பாயிண்டே டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தப்பாக விழுந்தன. அடுத்தது எதிராளியின் ரிட்டர்னில் போயிற்று. முப்பது ஆல். பிறகு இன்னொரு டபுள் ஃபால்ட். முப்பது நாற்பது. அந்த செட்டில் ஏற்கெனவே அவன் சர்வ் போட்ட இரண்டு கேமும் போயிருந்தன. இதுவும் போனால் ஐந்து ஆல். இந்த ஆளை இப்படி மாட்டிவிட்டோமே என்று நினைத்தேன். ஆனால் அம்பயர் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

மோகன் அவன் காதில் ஏதோ சொன்னான். குமரவேல் வேகத்தைக் குறைத்து, பந்தை நன்றாகச் சுழற்றி அகலமாகப் போட்டான். அது எகிறிப் போய் ரிட்டர்ன் நெட்டில் விழுந்தது. டியூஸ், நாற்பதுக்கு நாற்பது. அதே சர்வ், இன்னொரு முறை. மோகன் நெட்டில் பாய்ந்து முடித்தான். மேட்ச் பாயிண்டுக்கு முதல் சர்வ் ஃபால்ட். இரண்டாவது சர்வ் கோட்டின் மேல் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு போனது. எதிராளியின் ராக்கெட் அதைத் தொடவே இல்லை.

“கேம், செட் அண்ட் மேட்ச்” என்று சொல்லி முடிப்பதற்குள் குமாரபாளையத்துக்காரர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள்.

ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது ரெஃப்ரி, நாளைக்கும் சேருக்கு வா என்றார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். குமரவேல் வந்து பக்கத்தில் நின்றான்.

“சார், என்ற முறைதான்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. மோகன் மறந்துட்டான். நான் பயந்துகிட்டு பந்த அவங்கிட்ட குடுத்துட்டனுங்க.”

குழாயை மூடினேன். அவனே தொடர்ந்தான்.

“நீங்க நிறுத்தலீன்னா ஜெயிச்சுத்தான் இருப்போம். ஆனா நாளைக்கும் அதே பயத்தோடதான் இறங்கியிருப்பனுங்க.”

மறுநாள் செமி ஃபைனலில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் குமரவேல் தன் சர்வ் கேம் ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு சில வருஷம் சர்க்யூட்டில் ஆடினான். நானும் பல ஊர்களில் சேரில் உட்கார்ந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தப்பு கண்ணில் பட்ட அந்த நொடியிலேயே “வெயிட் ப்ளீஸ்” சொல்லிவிடுங்கள். அடுத்த பாயிண்ட் முடியட்டும் என்று காத்திருந்தால், அதன் பிறகு வாய் வராது. ஆட்டக்காரனுக்கு எது நல்லது என்று நீங்கள் கணக்குப் போடவேண்டாம். அவன் முறை வந்தால் பந்தை அவன் கையில் சேர்த்துவிடுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.