லிம் வயலில் என் மட்டை

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள் கட்டுரை எழுத உட்கார்ந்தால் படிப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பறவைகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத வந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பருந்தால் எனக்கு வந்த பொறாமையை நேரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில், சிலாங்கூர் கடலோரத்து நெல் வயல்களுக்கு நடுவே வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இந்த நாட்டிலேயே பிறந்தவர், அரிசி ஆலையில் மெக்கானிக். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வயலுக்கு மேலே கருடன் வட்டமிட்டது. அதே வெள்ளைக் கழுத்து, அதே செம்மண் நிறச் சிறகு. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த கை சும்மா இருக்குமா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வீட்டுச் சீன அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "ஞாமோக், ஞாமோக்" என்றார். ஞாமோக் என்றால் கொசு. கருடனை எந்தப் பாஷையில் விளக்குவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து கருடனைக் கண்டால் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மாளின் கணவர்தான் லிம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வடிகால் ஓடுகிறது. இங்கே பாரிட் என்பார்கள். நம் ஊரில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பெயர் உண்டு. இங்கே எல்லாம் எண்தான். எங்களுடையது நாலாம் பாரிட். அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை லிம்மின் வயல். வயல் ஓரத்தில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. எலி பிடிக்கும் ஆந்தைக்கு லிம் கட்டிக்கொடுத்த வீடு. நம் ஊரிலும் கூரையில் அலறினால் கல்லெறிந்து விரட்டுகிற ஆந்தையை, வயலுக்கு மட்டும் வருந்தி வருந்தி அழைப்போம். ஆனால் வீடு கட்டிக்கொடுத்ததில்லை. போன வருஷம் லிம் என்னைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளை முகத்தோடு நாலு குஞ்சுகள். பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். "பாகுஸ்?" என்று கேட்டார் லிம். நல்லா இருக்கா என்று அர்த்தம். நானும் பாகுஸ் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த வயல், அந்த வயலில் சொந்த ஆந்தை, அதற்குக் குஞ்சுகள் வேறு. ஒரே மனுஷருக்கு இத்தனையுமா?

"ஆந்தையப் பாத்துப் பொறாமப்படுற ஒரே பொம்பள நீதாம்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆந்தையப் பாத்து இல்லீங்க. ஆந்த வச்சிருக்கறவரப் பாத்து."

"ரெண்டும் ஒன்னுதான். டீ போடு."

அவருக்குப் புரியாது. மன்னார்குடிப் பக்கத்தில் என் அப்பா குத்தகைக்கு நிலம் உழுதவர். சம்பாப் பயிர் கதிர் பிடிக்கும் சமயத்தில் எலி வெட்ட ஆரம்பிக்கும். அப்பா தென்னை மட்டைகளில் ஓலையைக் கழித்துவிட்டு, அகலமான அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக வயலில் நட்டுவைப்பார். ஆந்தை உட்கார அதுதான் பலகை. காலையில் போய் மட்டையில் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கிறதா, அடியில் எலி மயிரும் எலும்பும் உருண்டையாகக் கிடக்கிறதா என்று பார்ப்போம். கிடந்தால் அப்பா தெருவில் நடக்கிற நடையே வேறு. "நம்ம வயல்ல ராத்திரி ஆந்த எறங்கிருக்கு" என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்.

எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரே ஒரு பறவை, நான் நட்டதில் வந்து உட்கார வேண்டும். எங்கள் கொல்லைத் தென்னையிலிருந்து விழுந்த ஒரு மட்டையைக் கழித்தேன். பாரிட்டுக்கு இந்தப் பக்கம் வெறும் மணல், நட்டால் சாய்ந்தது. அதனால் பாரிட்டுக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை வழியாக அந்தப் பக்கம் போய் லிம்மின் வரப்பு ஓரத்தில் நட்டேன். கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். தினமும் காலையில் எச்சம் பார்க்கப் போவேன். ஒன்றும் இருக்காது. ஆந்தை தன் பெட்டியை விட்டு என் மட்டைக்கு ஏன் வரப்போகிறது?

வந்தது ஆந்தை இல்லை. ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மட்டையின் மேல் சின்னப் பருந்து ஒன்று. வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, மை தீட்டியது போலக் கறுத்த தோள், ரத்தச் சிவப்பில் கண். நம் ஊரிலும் இது உண்டு. வானத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். எங்கள் தெருவில் எல்லாமே பருந்துதான், இதற்குத் தனிப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே லாங் திக்குஸ் என்கிறார்கள், எலிப் பருந்து. அது வாலை மேலும் கீழும் ஆட்டியபடி உட்கார்ந்திருந்தது. சோப்புக் கையோடு நின்றேன். நாலைந்து நாள் தொடர்ந்து வந்தது. கடைக்குப் போகும்போது நானும் அப்பா மாதிரி நடந்தேன் என்று நினைக்கிறேன். இருபது வருஷத்தில் இந்த ஊரில் எனக்கென்று வந்த முதல் விருந்தாளி அது.

பிறகு ஒரு காலை, லிம் வரப்பில் நின்று என் மட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நிமிஷம் லிம் தெரியவில்லை. வேறொரு காலைதான் தெரிந்தது. சென்னையில் ஆட்சி மாறி மாறி வந்தாலும் உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. ஆனால் சட்டம் எங்கள் ஊருக்கு வரப்பு வழியாக நடந்துதான் வந்துகொண்டிருந்தது. குத்தகைக்காரர் என்று அப்பாவின் பெயரைப் பதிவு செய்ய மனு போட்டிருந்தோம். நிலத்தைப் பார்க்க தாசில்தார் வருவதற்கு முதல் நாள், நிலக்காரரின் காரியக்காரர் இரண்டு ஆட்களோடு வயலில் இறங்கி மட்டைகளை எல்லாம் பிடுங்கி வரப்பில் குவித்தார்.

"என்னங்க இது, கதிரு வர்ற நேரத்துல" என்றார் அப்பா.

"யாரு சாகுபடின்னு நாளைக்குப் பாக்க வராங்கல்ல ராமையா? ஒன் மட்ட எதுக்கு நிக்கணும்? மட்ட நட்டா மண்ணு ஒன்னோடதாயிடுமா?"

 மறுநாள் விசாரணையில் அக்கம்பக்கத்தார் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு நிலம் வேறு ஆளிடம் போனது.

அதனால்தான் நான் பலகையைத் தாண்டி ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவே கேட்கும்படி, "ஜாங்ஙான்! சயா புன்யா!" என்று கத்தினேன். பிடுங்காதே, அது என்னுடையது. லிம் மிரண்டுபோய் மட்டையைக் கீழே போட்டுவிட்டார். எதிரிலிருந்த வயலைக் காட்டி, "இதுவா? இது உன்னுடையதா?" என்று மலாயில் கேட்டார். நிலத்துக்கு நான் சொந்தம் கொண்டாடுவதாக நினைத்துவிட்டார். எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. மட்டையைத் தொட்டேன், வானத்தைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புரோங் தாக் அடா ஐ.சி., ஆன்ட்டி" என்றார். பறவைக்கு அடையாள அட்டை கிடையாது. அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு, அவரிடம் இருப்பது குடிமக்களுக்கான நீல அட்டை. என்னிடம் இருப்பது சிவப்பு. இந்த நாட்டில் இருக்கலாம், உரிமை கேட்கக் கூடாது. அவர் மட்டையைப் பிடுங்கியது விரட்ட இல்லை. எலி நடுவயலில்தான் அதிகம், பருந்து அங்கே உட்கார்ந்தால் நல்லது என்று எடுத்துப் போக வந்தாராம். எடுத்துக்கொண்டு போய் நட்டும்விட்டார். நான் கத்தியதற்கு வெட்கப்பட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பருந்து அன்றைக்கே அங்கே போய் உட்கார்ந்தது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். வால் ஆடுவது தெரியவில்லை, கண்ணின் சிவப்பு தெரியவில்லை. லிம் வீட்டு மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். லிம்மின் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதைக் கண்டேன். கொசுவர்த்தி கொடுத்த நல்ல மனுஷி. இருந்தாலும் அந்த நாற்காலி உடைந்து விழாதா என்றிருந்தது. நிலம் போன பிறகு ஒரு சாயங்காலம், எங்கள் பழைய வயலில் புது ஆள் நட்ட மட்டையில் ஆந்தை வந்து இறங்கியதை அப்பா நின்று பார்த்தார். "நாயா இருந்தா நம்ம பின்னாடி வந்துருக்கும். இதுக்கு எலிதான் சொந்தம்" என்றார். பிறகு அந்த வழியே போவதை விட்டுவிட்டார், சுற்றிக்கொண்டு போவார். அப்போது எனக்கு அது சின்னத்தனமாகத் தெரிந்தது.

நேற்று முன்தினம் சாயங்காலம் லிம் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எலி குறைந்திருக்கிறதாம். அதே போல இன்னும் பத்து மட்டை செய்து தர முடியுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "அதுக்கென்ன, செஞ்சுடலாம்" என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டு, "சுடா ஹாபிஸ்" என்றேன். தீர்ந்துபோய்விட்டது. கொல்லையில் கழிக்காத மட்டைகள் குவிந்து கிடந்தன. லிம்மும் அவற்றைப் பார்த்தார். பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு, பரவாயில்லை என்று போனார்.

"என்னலா இது? பத்து மட்டதானே கேட்டாரு?"

"குடுத்தா அது திரும்பி இந்தப் பக்கமே வராதுங்க."

"இப்ப மட்டும் வருதா?"

பாரிட் கரைக்குப் போய் நின்றேன். பருந்து நடுவயலில் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேற்கே கடல். அந்தக் கடலைத் தாண்டினால் நம் ஊர் என்று வந்த புதிதில் நினைத்திருந்தேன். நடுவே இன்னொரு நாடு இருக்கிறதென்று பிறகுதான் சொன்னார்கள். மட்டை நான் கழித்தது. அது விழுந்த மரம் வீட்டுச் சொந்தக்காரருடையது. நிற்கிற சேறு லிம்முடையது. கடல் காற்று அடித்தது. பருந்து முகத்தை எங்கள் ஊர்ப் பக்கமே வைத்துக்கொண்டு, கால் நகத்தால் என் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பலகை என் காலடியில்தான் இருந்தது. அதைத் தாண்ட அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் லிம் பிளாஸ்டிக் குழாயில் குறுக்குக் கட்டை வைத்துப் பத்துக் கம்பங்கள் நட்டார். மத்தியானத்துக்குள் பருந்து அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தது.