வயலுக்குக் கேட்கும்படி ஒரு பெயர்

"கீலின்..."

பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, ஒரு கையில் சாயக் கிண்ணமும் மறு கையில் தூரிகையுமாக நின்று வயலைப் பார்த்துக் கத்துகிறாள் கோப்னிட் லேஹன். வயலில் பிள்ளைகள் யாரும் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்தான் தலை தூக்கிப் பார்க்கின்றன. குரல் போய்ச் சேரும்வரை காதைச் சாய்த்துக் காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்துகிறாள். ஏழு மாத வயிற்றோடும் பாதி சாயம் பூசிய தலையோடும் நாற்காலியில் இருக்கும் பெண் பக்கம் திரும்புகிறாள்.

"நல்லா போகுதுடி. எதிர்காத்துலயும் ஓடை வரைக்கும் கேக்கும். போன வாரம் நீ கொண்டுவந்த பேரு வேலியே தாண்டல."

அயர்லாந்தின் சிற்றூரான மக்ரூமில் முடி வெட்ட வேறு கடைகளும் உண்டு. ஆனால் வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெண்கள் கோப்னிட்டின் கடைக்குத்தான் வருகிறார்கள். முடி ஒரு சாக்கு. எல்லோர் வீட்டிலும் இருக்கிற பெயர் வேண்டாம், பழைய ஐரிஷ் பெயராக வேண்டும், ஆனால் பிள்ளை அதைத் தூக்கிச் சுமக்க முடியவேண்டும். இதுதான் அவர்கள் கவலை. கோப்னிட்டின் விதி எளியது: "கோவத்துல கூப்பிடணும், காய்ச்சல்ல படுத்திருக்கிறப்ப கூப்பிடணும். ரெண்டுலயும் நிக்கிற பேரு வேணும். காகிதத்துல அழகா இருந்து என்ன பண்ண?"

கீலின் என்பதைக் காகிதத்தில் ஐரிஷ் முறைப்படி எழுதினால் பதினோரு எழுத்து. சைவ் என்ற பெயருக்கு ஆறு எழுத்து. அதில் மூன்று வாய்க்கே வராதவை. வெளிநாட்டு மாப்பிள்ளை யாராவது இந்த எழுத்தெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டால் அவளுக்கு மூக்கு விடைக்கும். "சும்மா ஒண்ணும் நிக்கல. பக்கத்துல நிக்கிறவனோட குரலை மாத்துதுங்க. உங்க இங்கிலீஷ்ல 'நைஃப்'புக்கு முன்னாடி ஒரு 'கே' நிக்குதே, அது யாருக்குக் காவல்? அதை எவனாச்சும் கேட்டானா?"

பிள்ளை வெளியூர் போனால் கிண்டல் செய்வார்களே என்று தாய் தயங்கினால் அதற்கும் பதில் தயார். "பண்ணட்டும். ரெண்டு நாள் பண்ணுவான், மூணாவது நாள் கத்துக்குவான்."

தன் சொந்தப் பெயரை மட்டும் அவள் எந்தப் பிள்ளைக்கும் வைக்கச் சொன்னதில்லை. தேனீ வளர்த்த ஒரு புனிதையின் பெயர் அது. ஒரு காலத்தில் மேற்கே இருக்கும் ஊர்களில் வீட்டுக்கொரு கோப்னிட் இருந்தாள். இன்று பள்ளிக்கூடத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

இருபது வயதில் பர்மிங்ஹாமுக்கு வேலைக்குப் போனபோது, அவள் பெயரின் முதல் பாதி அந்த ஊர்ப் பேச்சில் வாய்க்கு வழங்கும் மட்டமான சொல்லாக இருந்தது. வேலை கொடுத்த கடைக்காரி சிரித்துக்கொண்டே, "டெபின்னு வெச்சுக்கோம்மா, எல்லாருக்கும் சுலபம்" என்றாள். கோப்னிட்டும் வைத்துக்கொண்டாள். சில வருஷங்கள் கழித்து, பார்க்க வந்த தம்பி டீர்மிட் ரயில் நிலையத்தில் அவள் முதுகைக் கண்டு "கோப்னிட், கோப்னிட்" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தாள். அவன் தோளைத் தொட்டபிறகுதான் நின்றாள்.

அந்த வருஷமே ஊர் திரும்பினாள். கடை போட்டாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பலகை மாட்டினாள். 'கோப்னிட்', அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்குப் பெயர் தந்தவளுக்குப் பெயர் வைக்கச் சொந்தமாகப் பிள்ளை இல்லை.

டீர்மிட் டொரொண்டோவுக்குப் போய், அங்கே ஒரு போலந்துப் பெண்ணைக் கட்டினான். முதல்முறை அவளை அழைத்துவந்தபோது, "இவ ஆக்னஸ்" என்றான். கோப்னிட் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க?"

அந்தப் பெண் தயங்கினாள். "அக்னியெஷ்கா. ஆனா அது ரொம்பக் கஷ்டம். அங்க ஸ்கூல்லயே வெட்டிட்டாங்க, நானும் சரின்னுட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

முதல்முறை தவறு. இரண்டாவது முறையும் தவறு. மூன்றாவது முறை அக்னியெஷ்கா தலையாட்டினாள். கோப்னிட் விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்து, அந்தப் பெயரை ஒரு எழுத்தும் சிந்தாமல் வயலெங்கும் கேட்கக் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவி சிரிக்கிறாள். கண்ணில் நீர் கட்டியிருக்கிறது. "எங்கம்மா மூணாவது மாடியிலருந்து இப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள்.

அவள் கருவுற்ற செய்தியோடு தம்பியின் மன்றாட்டும் வந்தது. "அக்கா, உன் கால்ல விழறேன், பேரு விஷயத்துல நீ வாயத் தொறக்காத. இங்க என் பேரைச் சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேஞ்சுபோச்சு. மியா, எம்மா, ஏதோ ஒண்ணு. பிள்ளை நிம்மதியா இருக்கட்டும்."

"உன் பிள்ளை, உன் இஷ்டம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். வாராவாரம் தொலைபேசியில் கால் வீக்கம், பசி, பனி என்று எல்லாம் பேசினாள். பெயரைப் பற்றி மூச்சு விடவில்லை. மற்றவர்களுக்காகக் கதவைத் திறந்து கத்திவிட்டு வரும்போது சில நாட்களில் முகம் சற்று வாடியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், காத்திருக்கும் பெஞ்சில் இடமில்லாத நேரத்தில், தொலைபேசி அடித்தது. கையுறையெல்லாம் சாயம் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அக்கா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." டீர்மிட்தான். "பேரு விஷயத்துல நான் தோத்துட்டேன். நீ இவகிட்டயே பேசு."

"கோப்னிட்" என்றாள் அக்னியெஷ்கா.

"சொல்லும்மா, கேக்குது."

"உங்களைக் கூப்பிடல. பிள்ளை பேரைச் சொன்னேன்."

ஓடிக்கொண்டிருந்த முடி உலர்த்தியை யாரோ நிறுத்தினார்கள். கோப்னிட் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது, இத்தனை வருஷமாக அவள் எந்தத் தாயிடமும் ஒப்புக்கொள்ளாத பேச்சு.

"வேண்டாம்மா. அந்த ஊர்ல பிள்ளையக் கிண்டல் பண்ணுவாங்க. நான் பட்டிருக்கேன்."

"பண்ணட்டும்" என்றாள் அக்னியெஷ்கா. "நான் ஒருதடவ விட்டுக் கொடுத்துட்டேன், இன்னும் கசக்குது. நீங்க விட்டுக் கொடுத்துட்டுத் திரும்ப எடுத்துக்கிட்டீங்க. என் பொண்ணுக்கு அந்தப் பேரு வேணும். முழுசா. சுருக்க விடமாட்டேன். இங்க நர்ஸ் எப்படிச் சொல்றதுன்னு கேக்கறாங்க. நான் சொல்றது சரியான்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

கடையே பார்த்துக்கொண்டிருந்தது. கோப்னிட் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். வயலுக்குக் கத்தும் குரல் இல்லை அது. ஒரு பிரசவ அறைக்குப் போதுமான குரல். தன் பெயரை நிறுத்தி, தெளிவாக, கடைசி எழுத்து வரைக்கும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு புதுக்குரல் அதைத் திருப்பிச் சொன்னது. பிசகியது.

"இல்லம்மா. கடைசில நாக்கு மேல தொடணும். இன்னொரு தடவ."

இந்த முறை சரியாக வந்தது. டொரொண்டோவில் முன்பின் தெரியாத ஒரு பெண், எந்தச் சிரிப்பும் இல்லாமல், ஒரு குழந்தையைப் பார்த்து கோப்னிட் என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உடனே பிள்ளை வீறிட்டு அழுதது.

"தொண்டை நல்லா இருக்கு" என்றாள் கோப்னிட். "நல்லா தூரம் போகும்."

இணைப்பு போனபிறகு அவள் கையுறைகளை எறிந்தாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில், கடை போட்ட நாளிலிருந்து முதல்முறையாக, தானே போய் உட்கார்ந்தாள். தோள்துணியை உதறிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்து, யாராவது வந்து தலை வாரிவிடட்டும் என்று சீப்பைப் பின்னால் நீட்டினாள்.