உமி மூட்டைகளுக்கு அடியில் ஒரு பூங்கா

சென்ற வாரம் காலை ரயில் செவ்வாப்பேட்டையில் நின்றபோது, வழக்கம்போல் பக்கத்து இடத்தில் பையை வைத்து ருக்மணிக்காகக் காத்திருந்தேன். அவள் ஏறவில்லை. அவளுடைய தம்பி ஜன்னலருகே வந்து, "அக்கா விடிகாலைல தவறிப் போயிட்டாங்க" என்றார். திருவள்ளூர் வரும்வரை நான் பையை எடுக்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளுடைய தட்டச்சு வேகம் தெரியும். அவளுடைய பிடிவாதத்தை நான் சொல்கிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன், அறுபதுகளில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது திருவள்ளூர் அலுவலகத்தில் பெண்கள் நாங்கள் இருவர்தான். சாப்பாட்டு மேசை ஆண்களுக்கு. கோப்புகள் அடுக்கிய அறையில் நின்றபடியே நாங்கள் சாப்பிடுவோம். எனக்கு அழுகை வரும், அவளுக்குக் கோபம் வரும். "உக்காந்து துன்ன ஒரு எடம் இல்லியாடி இந்த ஊர்ல?" என்பாள்.

ஒருநாள் பழைய மனைப்பிரிவு வரைபடத்தின் விவரங்களைத் தட்டச்சு செய்யும்போது, அடுத்த தெருவில் 'பூங்கா' என்று ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டாள். அங்கே பூங்கா இருப்பதாக ஊரில் யாருக்கும் தெரியாது. மதிய வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அரிசி மில்லின் கிடங்கு என்று எல்லோரும் நினைத்திருந்த இடம் அது. தகரக் கதவைத் தள்ளினால் ஆள் உயரத்துக்கு உமி மூட்டைகள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கைந்தைப் புரட்டினோம். அடியில் சிமெண்ட் பெஞ்சு. அதற்கும் பின்னால் ஒரு சறுக்குமரம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாள். மில்காரர் வந்து, யாரைக் கேட்டு நுழைந்தோம் என்று கத்தினார். ருக்மணி வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இது உங்க ஊடுன்னா நாங்க எய்ந்து போறோம். பார்க்குன்னா, நீங்க மூட்டைய எடுத்துக்கினு போங்க."

அவர் எடுக்கவில்லை. நாங்களும் விடவில்லை. தலையெல்லாம் உமியாகத் தினமும் போய்ச் சாப்பிட்டோம். பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள், எதிர்வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். வரைபட நகலை இணைத்து, எல்லோரும் கையெழுத்திட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தோம். ஒரு திங்கட்கிழமை போனபோது ஒரு மூட்டைகூட இல்லை. சறுக்குமரத்தில் முதலில் ஏறியது பிள்ளைகள் அல்ல, ருக்மணி. கல்யாண வயதில் மகள் இருந்திருந்தாலும் ஏறியிருப்பாள். அதன்பின் வரைபடங்களைத் தேடித்தேடி இன்னும் இரண்டு பூங்காக்களை மீட்டாள். ஒன்றில் எருமைகளைக் கட்டியிருந்தார்கள்.

கேட்காமல் உட்காரும் துணிச்சல், அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். நேற்று மதியம் அந்த முதல் பூங்காவுக்குப் போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ருக்மணியைத் தெரியாது. ஒருத்தி நகர்ந்து, "குந்துக்கா" என்றாள். உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.