இன்ஸ்பெக்டர் பழம் வாங்கிய ஞாயிறு

உத்தியோகத்தை ஆபீசிலேயே கழற்றி மாட்டிவிட்டு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். நம்ம ஆளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நகராட்சியில் அவருக்கு ஹோட்டல் சமையலறைகளைச் சோதிக்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாத்திரத்தின் அடியைப் பார்ப்பார், ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை விரலால் தடவி முகர்வார். அதையே சொந்தக்காரர் வீட்டிலும் செய்தால் யார்தான் பொறுப்பார்கள்? அண்ணன் வீட்டு அடுப்படியில் தொங்கிய கைப்பிடித் துணியை எடுத்து முகர்ந்துவிட்டு, "அண்ணி, இதை எப்போ துவைச்சீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர் இவர். குடும்பத்தில் 'இன்ஸ்பெக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைச் செல்லப் பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஐம்பதை நெருங்கும் ஒற்றைக்கட்டை. வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமைதான் நகரவே நகராது. அதனால் எப்போதாவது அண்ணன் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்ல கூடுறோம்டா. காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து ஒண்ணா முடிச்சுக்கலாம். நீ பழம் மட்டும் வாங்கிட்டு வந்துடு" என்று சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வரும் அழைப்பு அது. அதற்காகச் சட்டைக்கு இஸ்திரியெல்லாம் போடுவார்.

அன்று காலையும் பழக்கடைக்காரம்மாவை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரே அளவில் இரண்டு ஆரஞ்சைக் கைக்கொன்றாக ஏந்தி, கனமானதை மட்டும் எடுத்தார். திராட்சைக் கொத்தைத் தூக்கி உதறினார். நாலு பழம் உதிர்ந்ததும் அப்படியே திரும்ப வைத்துவிட்டார். பேரிக்காய்களின் காம்போரத்தைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"டாக்டர் கூட இப்படிப் பார்க்க மாட்டார் சார்" என்றாள் அந்த அம்மா.

"வீட்ல எல்லாரும் சாப்பிடுறதும்மா. முலாம்பழம் இல்லையா?"

"இன்னிக்கு வரல சார். போன ஞாயிறு உங்க அக்கா வாங்கிட்டுப் போனாங்களே, அது எப்படி இருந்துச்சு? நல்லா இனிச்சுதா?"

"எந்த ஞாயிறு?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க! வாராவாரம் உங்க அண்ணன் வீட்ல கூடிச் சாப்பிடுறீங்கல்ல? அதுக்குத்தானே உங்க அக்கா எங்கிட்ட பழம் எடுக்குறாங்க. அடிக்கடி நீங்களும் வந்தா எனக்கும் யாவாரம் ஆகும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாராவாரமா? கையிலிருந்த பேரிக்காயை எப்படி அமுக்கினாரோ, கட்டைவிரல் தோலைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது.

"சார், பழம்!"

"இனிச்சுது" என்றார். "நல்லா இனிச்சுதும்மா."

அதற்கப்புறம் தேர்வாவது ஒன்றாவது. கைக்கு வந்ததையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு பேயறைந்த மாதிரி நடந்தார். போன ஞாயிறு பொழுது போகாமல் அண்ணனுக்குப் போன் போட்டது ஞாபகம் வந்தது. "வெளியே இருக்கேன்டா, அப்புறம் பேசுறேன்" என்றானே. பின்னால் தட்டுகளும் கரண்டிகளும் கலகலத்தனவே. அக்கா சிரிப்பு மாதிரி கூடக் கேட்டதே! கைப்பிடித் துணியும் ஃப்ரிட்ஜ் ரப்பரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, காரணத்தை யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது. அப்படியே திரும்பிவிடலாமா என்று தெருமுனையில் நின்றார். திரும்பினால் அந்த மூன்று நாலு ஞாயிறும் போய்விடும். இன்றைக்கு மூக்கையும் வாயையும் கட்டிப்போடுவது என்று முடிவு செய்துகொண்டு படியேறினார்.

சும்மா சொல்லக்கூடாது, கட்டித்தான் போட்டார். அண்ணன் முட்டை உடைத்த கையைக் கழுவாமல் ரொட்டியை எடுத்தான், இவர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா பச்சைக் கோழிக்கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கினாள், இவர் எச்சிலை விழுங்கினார்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

அக்காவும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் அண்ணி ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். க்ரீமில் கலந்த பப்பாளி. "நேத்து ராத்திரியே செஞ்சுட்டேன். ஃப்ரிட்ஜ்ல இடமில்லாம மேடையிலேயே மூடி வெச்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள், யார் எதிரில் பேசுகிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோர் கண்ணும் இன்ஸ்பெக்டர் மேல் வந்து நின்றது.

மூடியைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எசன்ஸ் வாசனைக்கு அடியில் புளித்த வாடை. ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை. இதே கிண்ணம் ஒரு ஹோட்டலில் இருந்திருந்தால் சமையலறைக்கே சீல் வைத்திருப்பார். அண்ணனின் சின்ன மகள் கோப்பையை நீட்டி, "எனக்கு நிறைய!" என்றாள். வாயைத் திறந்தால் இந்த வீட்டுக் கதவு இனி திறக்காது. வாயைத் திறக்காவிட்டால் இந்தக் குழந்தை இதைச் சாப்பிடும்.

கரண்டி கிண்ணத்தைத் தொடுவதற்குள் அவர் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை யாருக்கும் குடுக்க மாட்டேன். முழுசும் எனக்கு. குட்டி, சித்தப்பா வாங்கிட்டு வந்த ஆரஞ்சு அந்தப் பையில இருக்கு, அதை எடுத்துச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு சாப்பிட ஆரம்பித்தார். புளிப்பும் கசப்புமாகத் தொண்டையில் இறங்கியது. முகத்தை மட்டும் சிரித்த முகமாக வைத்துக்கொண்டு, "பிரமாதம் அண்ணி" என்றார்.

அண்ணி கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கொழுந்தன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"என் கைச் சமையலே உங்களுக்கு ஆகாதுன்னுல்ல நெனச்சிருந்தேன் தம்பி. அதனாலதான் வாராவாரம் உங்கள..." என்று சொல்லும்போதே அண்ணன் இருமினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த ஞாயிறும் வாங்க தம்பி. இனிமே வாராவாரம் வந்துடுங்க. உங்களுக்காகவே ஒரு கிண்ணம் இதைச் செஞ்சு வெக்கிறேன்."

கிண்ணத்தின் ஓரத்தில் இன்னும் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கண்டிப்பா வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.